லைப்போசக்ஷனா, டம்மி டக்கா: வயிறு ஆறும் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்

வயிற்றைக் குறைக்க அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம்?" என்பதைத்தான். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சும் லைப்போசக்ஷன் என்றால் மூன்று நாள் முதல் ஒரு வாரம், மிஞ்சிய தோலை வெட்டி விலகிய தசையைச் சேர்த்துத் தைக்கும் டம்மி டக் என்றால் இரண்டு மூன்று வாரம் என்று பதில் வரும். இரண்டும் சரியான பதில்களே. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க உடம்பு இடம்கொடுக்கும் நாளைத்தான் அவை சொல்கின்றன. வீக்கம் வடியும் நாள், குழந்தையைத் தூக்கும் நாள், மரத்த தோலில் உணர்ச்சி திரும்பும் நாள், தழும்பு வெளுக்கும் நாள் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. அவற்றைப் பார்க்காமல் சீக்கிரம் ஆறுவது எது என்று மட்டும் பார்த்தால், தன் வயிற்றுக்குப் பொருந்தாத சிகிச்சை கைக்கு வந்துவிடும். பிறகு ஓராண்டு கழித்து அதே இடத்தில் இன்னொரு அறுவை, இன்னொரு விடுப்பு, இன்னொரு ஆறு வாரம்.

ஆகவே நாள் கணக்குக்கு முன்னால் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

வயிற்றில் எது மிஞ்சியிருக்கிறது?

வெளியே தெரியும் வயிறு நான்கு காரணங்களால் பெருக்கலாம்: தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, தளர்ந்துபோன தோல், நடுவில் விலகிப்போன தசை, குடலைச் சுற்றி உள்ளே படிந்த கொழுப்பு. முதலாவதற்கு மட்டுமே லைப்போசக்ஷன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் டம்மி டக். நான்காவதை எந்த அழகுச் சிகிச்சையாலும் தொட முடியாது. உணவும் உடற்பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்துமே அதற்கு வழி.

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நின்றபடி தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிப்பாக, பஞ்சுபோல் கையில் வந்தால் கொழுப்பு. மெல்லிய துணிபோல் மடிந்து வந்தால் தோல். முன்னால் குனியும்போது தோல் பைபோல் தொங்கினால் தளர்ச்சி அதிகம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். நடுவயிற்றில் நெடுக்காக ஒரு மேடு எழும்பினாலோ, தொப்புளருகே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தட்டுப்பட்டாலோ தசை விலகியிருக்க வாய்ப்பு உண்டு. படுத்த பிறகும் வயிறு கவிழ்த்த சட்டிபோல் மேடாகவே இருந்து, கிள்ளினால் கையில் ஒன்றும் வராவிட்டால் கொழுப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். இதை ஸ்கேன் மூலமும் மருத்துவரின் கையாலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். முக்கியமாக, தொப்புளிலோ பழைய தழும்பிலோ குடலிறக்கம் இருக்கிறதா என்று லைப்போசக்ஷனுக்கு முன் பார்த்தே ஆகவேண்டும். தெரியாமல் குழாயை ஓட்டினால் அது குடலைக் குத்திவிடும். அரிதாக நடப்பதுதான், ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

தோல் தளர்ந்த வயிற்றில் லைப்போசக்ஷன் செய்தால் உள்ளிருந்து தாங்கிய கொழுப்பு போய், தோல் முன்பைவிட அதிகமாகத் தொங்கும். நாலு நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்ற ஆசையில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

வலி போவது வேறு, ஆறுவது வேறு

எந்த அறுவையானாலும் திசு ஆறும் விதம் ஒன்றே. முதல் நாலைந்து நாள் அழற்சி: வீக்கம், சூடு, வலி. அதன்பின் மூன்றாம் வாரம் வரை புதுத் திசு வளரும். பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ அந்தத் திசு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். தையல் போட்ட இடம் முதல் வாரக் கடைசியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றினாலும், அதன் உறுதி வெட்டுப்படாத தோலின் உறுதியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று வாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. மூன்று மாதத்தில்தான் 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் ஏறுவதில்லை.

வலியோ இரண்டாம் வாரத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். வலி போன மூன்றாம் வாரத்துக்கும் உறுதி வருகிற ஆறாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் ஆபத்தானது. "ஒன்றும் வலிக்கவில்லையே" என்று தண்ணீர்க்குடத்தைத் தூக்குவதும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும், உள்ளே போட்ட தசைத் தையல் அறுவதும் இந்த மூன்று வாரத்தில்தான். லைப்போசக்ஷனில் அறுவதற்குத் தையல் என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது.

லைப்போசக்ஷன்: சீக்கிரம் எழலாம், வீக்கம் நெடுநாள்

1987-ல் ஜெஃப்ரி க்ளைன் என்ற தோல் மருத்துவர் வெளியிட்ட முறையின் அடிப்படையில்தான் இன்றும் இது நடக்கிறது. உப்புநீரில் மரப்பு மருந்தான லிடோகெய்னையும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து, கொழுப்புப் படலம் விறைக்கும்வரை ஏற்றுவார்கள். பிறகு சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். வெளியே தெரியும் காயம் ஒவ்வொன்றும் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். உள்ளே, கையளவு அகலமும் அதற்கு மேலும் தோலுக்கு அடியில் சல்லடைபோல் துளைக்கப்பட்டிருக்கும். வெளிக்காயத்தை வைத்து ஆறும் காலத்தை எடைபோடுவது தவறாவது இதனால்தான்.

முதல் இரண்டு நாள் அந்தத் துளைகள் வழியே இளஞ்சிவப்பு நீர் கசியும். படுக்கை நனையும், துணி நனையும். ரத்தம் கொட்டுகிறது என்று பயப்பட வேண்டாம். அது ஏற்றிய நீர் வெளியே வருவது. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு வீக்கமும் குறையும். படுக்கையில் ரப்பர் விரிப்பும், உறிஞ்சும் பஞ்சு அட்டையும் முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது. கசிவு திடீரென்று கெட்டியாக, கரும் சிவப்பாக மாறினால் மட்டும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஏற்றிய லிடோகெய்ன் கொழுப்பிலிருந்து மெதுவாக ரத்தத்தில் கலப்பதால், அதன் அளவு உச்சத்தைத் தொடுவது பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு திரும்பி உறங்கும் நேரத்தில். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை அந்த மருந்து அளவு மீறியதன் அறிகுறி. "இது சின்னச் சிகிச்சைதானே" என்று முதல் இரவைத் தனியாகக் கழிக்கக்கூடாது.

வீக்கம் மூன்று முதல் ஐந்தாம் நாளில் உச்சத்தில் இருக்கும். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால் முன்னைவிடக் கூடுதலாகக்கூடக் காட்டும். அது உடம்பில் தங்கிய நீர். கன்றிய நிறம் புவியீர்ப்பில் கீழே இறங்கி, பிறப்புறுப்பு, தொடை என்று தொடாத இடத்தில்கூட நீலம் பாயும். இரண்டு மூன்று வாரத்தில் மறையும். பெரும்பாலான வீக்கம் ஆறு வாரத்தில் வடிந்தாலும், வயிற்றின் உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும்.

இரண்டாம் வாரம் தொடங்கி ஆறாம் வாரம் வரை தோலுக்கு அடியில் கெட்டியாக, அங்கங்கே கட்டிகட்டியாகத் தட்டுப்படும். சிகிச்சை சரியாக நடக்கவில்லை என்று இந்தக் கட்டத்தில் மனம் உடைகிறவர்கள் நிறைய. துளைத்த இடமெல்லாம் புதுத் திசுவால் நிரம்பும்போது அப்படித்தான் இருக்கும். மெல்ல இளகும். மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்கும் மேடு பள்ளத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அழுத்த உடையை முதல் மூன்று வாரம் குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும், பிறகு ஆறாம் வாரம்வரை பகலில் மட்டும் போடுவது பொதுவான வழக்கம். மருத்துவருக்கு மருத்துவர் சற்று மாறும். வீக்கம் வடிய வடிய முதல் உடை தொளதொளப்பாகிவிடும் என்பதால் இரண்டாம் வாரத்துக்கு மேல் ஓரளவு சிறிய இன்னொன்று தேவைப்படும். மாற்றித் துவைக்க ஒன்று எப்படியும் வேண்டுமே. உட்காரும்போது உடை தொப்புளருகில் மடிந்து கயிறுபோல் இறுக்கினால், அந்த மடிப்பின் தடம் வயிற்றில் நிரந்தரப் பள்ளமாகப் பதியக்கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இழுத்து நேராக்குங்கள்.

நடப்பது அன்றைக்கே. மேசை வேலை மூன்று முதல் ஏழாம் நாளில். ஓட்டமும் எடைப்பயிற்சியும் மூன்று நான்கு வாரத்தில், வீக்கம் அனுமதிக்கிற அளவுக்கு. ஒரே தடவையில் உறிஞ்சும் மொத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய சிகிச்சை. ஓர் இரவாவது மருத்துவமனையில் கண்காணிப்பு தேவை. இந்த நாள் கணக்கும் அதற்குப் பொருந்தாது.

டம்மி டக்: முதல் இரண்டு வாரம் வேறொருவர் கையில்

ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை அடிவயிற்றில் வெட்டி, தோலையும் கொழுப்பையும் விலாவரை மேலே தூக்கி, விலகிய தசையை நடுவில் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புது வாசல் திறந்து மூடுவார்கள். இதில் மூன்று காயங்கள் ஒரே நேரத்தில் ஆறவேண்டும்: தோல், தசை, தூக்கி எடுத்த படலம் மீண்டும் அடியில் ஒட்டுவது. வலியின் பெரும்பங்கு தசைத் தையலால் வருவது. தசையைத் தைக்காமல் தோலை மட்டும் எடுத்தால் ஆறுவது கணிசமாக எளிது. அதனால் மருத்துவரிடம் "தசையைத் தைக்கப்போகிறீர்களா, எவ்வளவு நீளத்துக்கு?" என்று கேளுங்கள். பாரம் தூக்கக்கூடாத வாரங்களின் எண்ணிக்கை இந்தப் பதிலைப் பொறுத்தது.

முதல் ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள், நிமிர்ந்து நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. தோலை இழுத்துத் தைத்திருப்பதால் இடுப்பைச் சற்று வளைத்தே நடக்க வேண்டும். இதனால் வயிற்றைவிட முதுகு அதிகம் வலிப்பதாகப் பலர் சொல்வார்கள். தூங்குவது மல்லாந்து, முதுகை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து. சாய்வு நாற்காலி இருந்தால் கட்டிலைவிட அது மேல். எழும்போது நேராக எழக்கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையால் உந்தி எழ வேண்டும். இதை அறுவைக்கு முன்பே நாலு தடவை செய்து பழகிவிடுங்கள். மயக்கம் தெளியாத இரவில் கற்றுக்கொள்ள முடியாது. இருமல், தும்மல் வந்தால் வயிற்றின்மேல் தலையணையை அணைத்து அழுத்திக்கொண்டு இருமவும்.

இறுகிய வயிறு மூச்சை முழுதாக இழுக்கவிடாது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடந்தால் காய்ச்சலும் நிமோனியாவும் வரும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து ஆழ்ந்த மூச்சு. கூடவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சி. இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட நடை. இவை மூன்றும் வலி மாத்திரைக்குச் சமமான மருந்துகள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதுதான் டம்மி டக்கின் மிகப் பெரிய அபாயம். அழகுச் சிகிச்சைகளுக்குள் இந்த அபாயம் கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. கருத்தடை மாத்திரையோ வேறு ஈஸ்ட்ரோஜன் மருந்தோ எடுப்பவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது உறைந்திருந்தால் அவர்களும், இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உறைவைத் தடுக்கும் ஊசி வேண்டுமா என்பது அதை வைத்தே தீர்மானமாகும்.

கடும் வலி மருந்துகள் மலச்சிக்கலைத் தரும். மூன்றாம் நாள் முக்கி முக்கி மலம் கழிப்பது தசைத் தையலுக்கு நேர் எதிரி. மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

பிறகு டிரெய்ன். தோலுக்கு அடியில் சேரும் நீரை வெளியேற்ற ஒன்றோ இரண்டோ மெல்லிய குழாய் வைத்து, முனையில் அமுக்கிவிட்ட பல்பைப் பொருத்துவார்கள். நாளுக்கு இரண்டு முறை அளந்து, நேரத்தோடும் நிறத்தோடும் ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் வைக்கோல் நிறம். ஒரு குழாயில் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். குழாயில் ரத்தக்கட்டி அடைத்து அளவு திடீரென்று குறைவது உண்டு. அதை ஆறியதாக நினைத்து எடுத்துவிட்டால் உள்ளே நீர் கோர்க்கும். படலத்தை அடித்தசையோடு ஆங்காங்கே தைத்துவிடும் முறையைச் சில மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதில் வெற்றிடம் குறைவதால் டிரெய்ன் இல்லாமலேயே முடிக்கலாம். உங்கள் மருத்துவர் எந்த முறை என்று கேட்டுவையுங்கள்.

நீர்க்கோர்ப்புதான் டம்மி டக்கில் அடிக்கடி வரும் சிக்கல். டிரெய்ன் எடுத்த பிறகு, நடமாட்டம் கூடும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில், வயிற்றைத் தட்டினால் தண்ணீர்ப்பை அலைவதுபோல் தெரியும். ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். தோல் மரத்திருப்பதால் வலிக்காது. வாரம் ஒருமுறை என மூன்று நான்கு தடவைகூட எடுக்க நேரலாம். கவனிக்காமல் விட்டால் அந்த நீரைச் சுற்றி உறை கட்டிவிடும். அப்புறம் அறுவை செய்துதான் அதை எடுக்க முடியும். வெளியூரில் போய் டம்மி டக் செய்துகொண்டு பத்தாம் நாள் ஊர் திரும்ப நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குறைந்தது மூன்று வாரம் அந்த மருத்துவருக்கு அருகில் இருக்க முடியாவிட்டால் உங்களுக்கு ஏற்ற இடம் அதுவல்ல என்பது எங்கள் கருத்து.

தையலின் நடுப்பகுதிதான் மிகப் பலவீனம். அங்கேதான் இழுப்பு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே ஓரிரு சென்டிமீட்டர் தையல் பிரிந்துகொள்வது நடக்கும். கட்டுப்போட்டே ஆறிவிடும், ஆனால் சில வாரம் ஆகும். அந்த இடத் தழும்பும் அகலமாகும்.

தொப்புளுக்குக் கீழே முக்கோணமாக ஒரு பகுதி பல மாதம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு ஒரு திட்டு கடைசிவரை அப்படியே இருந்துவிடும். அந்த வயிற்றில் சூடான ஒத்தடப்பையையோ பனிக்கட்டியையோ வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்புளம் போட்டு, ஆறிய தோலைத் திரும்ப இழக்க நேரும்.

மேசை வேலைக்கு இரண்டு முதல் மூன்று வாரம். வண்டி ஓட்டுவது, கடும் வலி மாத்திரையை நிறுத்தி, அவசரமாக பிரேக் மிதித்தாலும் வயிறு வலிக்காது என்ற நிலை வந்தபிறகு. 4, 5 கிலோவுக்கு மேல் தூக்குவது ஆறு வாரம்வரை கூடாது. உடல் உழைப்பு வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம். வயிற்றுத் தசைக்கான பயிற்சிகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. நீச்சல், காயம் முழுதும் மூடிய பின். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் உப்புவது மூன்று, ஆறு மாதம்வரை சாதாரணம்.

தழும்பு இரண்டு முதல் நாலாம் மாதத்தில்தான் மிகச் சிவப்பாக, தடித்துத் தெரியும். அப்போது எடுத்த படத்தைப் பார்த்து அழாதீர்கள். 12 முதல் 18 மாதத்தில் வெளுத்து அமுங்கும். காயம் மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு சிலிக்கோன் தாளையோ ஜெல்லையோ மூன்று மாதமாவது பயன்படுத்தலாம். தாளென்றால் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். வெயில் படுமானால் ஓராண்டுவரை எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன்.

மினி டம்மி டக்

பெயரைக் கேட்டு லைப்போசக்ஷனுக்கும் டம்மி டக்குக்கும் நடுவழி என்று நினைத்து வருகிறார்கள். தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தளர்ந்தவர்களுக்கே இது. தொப்புளைச் சுற்றி வெட்டுவதில்லை, தழும்பு சிறியது, விடுப்பு ஒன்று முதல் இரண்டு வாரம். தொப்புளுக்கு மேலே தளர்ச்சி இருந்தால் அந்தப் பகுதி அப்படியே இருக்கும். கீழே தட்டையாகி மேலே பொதுக்கென்று தெரிவது முன்பிருந்த வயிற்றைவிட உறுத்தும்.

இரண்டையும் சேர்த்தா, தனித்தனியாகவா?

பக்கவாட்டுக் கொழுப்பை லைப்போசக்ஷனால் எடுத்து, நடுவயிற்றை டம்மி டக்கால் முடிப்பது இப்போது பரவலான வழக்கம். ஒரே மயக்கம், ஒரே விடுப்பு. ஆறும் காலம் டம்மி டக்கின் காலம்தான், வீக்கமும் கன்றலும் மட்டும் கூடுதலாக இருக்கும். இடுப்பு வளைவில் மிதமான அளவு எடுப்பதானால் சேர்த்துச் செய்வது நியாயமான தேர்வு.

ஆனால் தூக்கி எடுத்த தோலுக்கு ரத்தம் வருவது இனிப் பக்கங்களிலிருந்து மட்டுமே. நடுவில் தசை வழியே வந்த குழாய்கள் வெட்டுப்பட்டுவிட்டன. அந்தத் தோலின் நடுவிலேயே மும்முரமாகக் கொழுப்பு உறிஞ்சினால் மிச்சமிருக்கும் ஓட்டமும் போய்த் தோல் கருகும். மேல்வயிற்றில் தடித்த கொழுப்பு உள்ளவர்கள் முதலில் லைப்போசக்ஷன், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து டம்மி டக் என்று பிரிப்பதே பாதுகாப்பு. இரண்டு விடுப்பு போகும், அது உண்மைதான். விடுப்பை மிச்சப்படுத்துவதற்காக வயிற்றோடு மார்பு, கை, தொடை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்ப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மேசையில் படுத்திருக்கும் மணி நேரம் கூடக் கூட ரத்தம் உறையும் அபாயமும் கூடும். எழுந்து நடக்க வேண்டிய நேரத்தில் ஊன்ற ஒரு கை, திரும்ப ஒரு பக்கம்கூட வலியில்லாமல் இருக்காது.

கத்தி வேண்டாம் என்பவர்களுக்கு

கொழுப்பை உறைய வைக்கும் குளிர்ச் சிகிச்சைக்கு விடுப்பே தேவையில்லை. ஐஸ் குச்சியைக் கன்னத்தில் அடக்கிய குழந்தைகளின் கன்னக் கொழுப்பு குழிவதை மருத்துவர்கள் 1970 வாக்கிலேயே குறித்துவைத்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த முறை இது. கிள்ளினால் கையில் வருகிற சிறு மேட்டில், கொழுப்புப் படலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். சில வாரம் மரப்பு, சிலருக்கு ஊசி குத்துவதுபோல் நரம்பு வலி. அரிதாக, கொழுப்பு குறையாமல் அந்த இடத்தில் கெட்டியாகப் பெருத்துவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்ய லைப்போசக்ஷன்தான் வழி. தளர்ந்த தோலுக்கும் விலகிய தசைக்கும் இதனால் பயனில்லை.

உங்கள் வாழ்க்கையில் எது நடக்கும்?

வயிறு எதைக் கேட்கிறது என்று தெரிந்த பிறகும், இப்போதே செய்துகொள்ள முடியுமா என்ற கேள்வி நிற்கிறது.

புகைப்பவருக்கு டம்மி டக் கூடாது. நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். பக்கவாட்டு ஓட்டத்தை மட்டுமே நம்பியிருக்கும் தோலுக்கு அது போதும் சாக. அறுவைக்கு முன் நாலு வாரம், பின் நாலு வாரம் முழுதாக நிறுத்த வேண்டும். மின் சிகரெட், நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் புகையிலை எல்லாமே இதில் அடக்கம். லைப்போசக்ஷனில் தோல் அதன் அடித்தளத்திலிருந்து முழுதாகப் பிரிக்கப்படுவதில்லை என்பதால் அபாயம் குறைவு, ஆனாலும் உண்டு. வலது விலாவுக்குக் கீழே பழைய பெரிய அறுவைத் தழும்பு இருப்பவர்களுக்கும் இதே ரத்த ஓட்டப் பிரச்சினைதான். முதல் சந்திப்பிலேயே அதைக் காட்டுங்கள்.

இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் டம்மி டக்கைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் தைத்த தசை மறுபடி விலகும். பிரசவம் முடிந்தவர்கள் குறைந்தது ஆறு மாதம், தாய்ப்பால் நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் காத்திருப்பது நல்லது. தசை தானாகவே ஓரளவு நெருங்கும் காலமும் அதுதான். பயிற்சியால் நெருங்கிவிட்டால் சிகிச்சையின் அளவே சிறியதாகும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டம்மி டக் என்றால், ஆறு வாரம் அந்தக் குழந்தையைத் தரையிலிருந்து தூக்க இன்னொருவர் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் மடியில் வாங்கிக்கொள்ளலாம், குனிந்து எடுக்கக் கூடாது. அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் தேதி குறிக்காதீர்கள். தூக்கிச் சுமக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் அப்படியே: எட்டு வாரத்துக்கு இலகுவான வேலை கிடைக்குமா என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தால் இரண்டுமே வேண்டாம். ஆறு மாதமாக எடை ஒரே நிலையில் நிற்க வேண்டும். எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ ஆகியவை ரத்தம் உறைவதைக் குறைப்பவை. எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை கட்டுப்படாமல் செய்துகொள்ளும் டம்மி டக் புண்ணாகவே நீடிக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி: நேராக அவசரப் பிரிவு. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் பெருத்து இறுகுவது உள்ளே ரத்தம் சேர்வது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோடு சிவப்பு பரவுவது தொற்று. முதல் இரண்டு நாளில் பார்க்கும் காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, வயிறு பலகைபோல் இறுகுவது, தோலில் கருநீலத் திட்டு, கொப்புளம்: இரவு எத்தனை மணியானாலும் அழையுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே, நள்ளிரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, உடனிருப்பவரின் போனிலும் பதிந்துவையுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை மனம் சோர்வது பலருக்கும் உண்டு. வலி, மருந்து, தூக்கமின்மை, வீங்கிய உடம்பு எல்லாம் சேர்ந்து "ஏன் செய்துகொண்டோம்" என்று தோன்றும். அந்த வாரத்தில் கண்ணாடியில் தெரிவது முடிவு வடிவமல்ல. அறுவைக்கு முன்பும், பிறகு ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத்திலும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காலை நேரத்தில் படம் எடுத்துவையுங்கள். மாலை வீக்கத்தோடு எடுத்த படத்தைக் காலைப் படத்தோடு ஒப்பிட்டால் தவறாகத் தெரியும். லைப்போசக்ஷனில் மேடுபள்ளத்தைச் சரிசெய்வதை ஆறு மாதத்துக்கு முன்பும், டம்மி டக் தழும்பையும் ஓரத்து மடிப்பையும் திருத்துவதை ஓராண்டுக்கு முன்பும் எந்த நல்ல மருத்துவரும் தொடங்கமாட்டார்.